ஆபரேஷன் ஆகிவிட்டதே, அப்புறம் எதற்கு டெஸ்ட்?

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன். போன வாரம் சர்க்கரை மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையம் போனபோது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் டெஸ்ட் எடுக்கச் சொன்னார் நர்ஸ். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கூச்சமாகவும் இருந்தது. வீட்டில் வேலை கிடக்கிறது என்று சொல்லி வந்துவிட்டேன். அவசியம் எடுக்க வேண்டுமா?
- பெயர் வேண்டாம், ஒட்டன்சத்திரம்

பதில்: எடுங்கள். 'வீட்டில் வேலை கிடக்கிறது' என்பதை அந்த நர்ஸ் தினமும் பத்து பேரிடமாவது கேட்டிருப்பார், அதனால் மறுபடி போய் நிற்கச் சங்கடப்பட வேண்டாம்.

ஆபரேஷனில் அடைத்தது கருக்குழாயை மட்டும்தான். கர்ப்பப்பையும் அதன் வாயும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. இந்த நோய்க்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ், தாம்பத்தியத்தில் தொற்றுவது. பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கி, பத்துப் பதினைந்து வருஷம் சத்தமே இல்லாமல் செல்களை மாற்றிக்கொண்டிருக்கும், அந்தக் காலத்தில் வலியோ ரத்தப்போக்கோ எதுவும் தெரியாது. தொந்தரவு இல்லாதபோதே பார்க்கச் சொல்வது அதனால்தான்.

டெஸ்டில் என்ன செய்வார்கள்? முழங்காலை மடக்கிப் படுக்க வேண்டும். உள்ளே ஒரு கருவியை வைத்து விரித்து, நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் (சமையல் வினிகரில் இருக்கிற அதே அமிலம்) நனைத்த பஞ்சால் கர்ப்பப்பை வாயைத் தடவி, ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். மாறிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். கொஞ்சம் சுரீர் என்று இருக்கலாம், அவ்வளவுதான். மயக்க ஊசி கிடையாது, காசும் கிடையாது.

இதெல்லாம் உங்கள் ஊர்ப் பக்கமே சோதித்துப் பார்த்த விஷயம் தெரியுமா? அம்பிளிக்கையை மையமாக வைத்து திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸுகளே இந்த டெஸ்டைச் செய்தார்கள். டெஸ்ட் நடக்காத கிராமங்களோடு ஒப்பிட்டால், இந்த நோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. 2007-ல் வெளிவந்த முடிவு.

வெள்ளையாகத் தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. புண், கிருமித்தொற்று இருந்தாலும் சில சமயம் அப்படித் தெரியும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ சுட்டோ எடுத்துவிடுவார்கள். நம் பெண்கள் கோட்டை விடுவது இங்கேதான். சீட்டை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு, நெல் அறுப்பு, பேத்தி காதுகுத்து என்று தள்ளிக்கொண்டே போவார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தால் ஐந்து வருஷம் கழித்து மறுபடி எடுத்தால் போதும்.

ஆனால் உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, மாதவிலக்கு நின்ற பிறகு பட்டாலோ, இந்த டெஸ்டுக்கென்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

கூச்சத்துக்கு ஒரு வழி. அடுத்த மாதம் மாத்திரைக்குப் போவீர்கள் அல்லவா? மாதவிலக்கு நாளாக இல்லாமல் பார்த்துக்கொண்டு, அதே நர்ஸிடம், "அக்கா, அன்றைக்குச் சொன்ன டெஸ்டை எடுத்துக்கறேன், கதவைச் சாத்திக்கலாமா?" என்று கேளுங்கள். சாத்துவார்.