நாய்த் தீவனப் பையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தீவனத்தில் கலக்கும் பதப்படுத்திகளைப் பற்றித்தான். அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன்.

பையின் பின்பக்கம் பிஹெச்ஏ, பிஹெச்டி என்று போட்டிருக்கிறது டாக்டர். புற்றுநோய் வரும் என்கிறான் பையன். எங்கள் லேப்ரடாருக்கு நாலு வருஷமாக இதைத்தான் போடுகிறோம். - அம்மாப்பேட்டை வாசகி

பிஹெச்ஏ, பிஹெச்டி இரண்டும் தீவனத்தின் கொழுப்பு கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதப்படுத்திகள். பையன் சொல்வது வெறும் புரளி இல்லை அம்மா. பிஹெச்ஏவை அதிக அளவில் தின்ற எலிகளுக்கு முன்வயிற்றில் கட்டி வந்தது, அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவும் அதைச் சந்தேகப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ஆனால் அந்த முன்வயிறு எலிக்கு உண்டு, நாய்க்குக் கிடையாது, நமக்கும் கிடையாது. அமெரிக்காவில் அனுமதித்த அளவே ஒரு கிலோ கொழுப்புக்கு 200 மில்லிகிராம்தான். நாலு வருஷம் போட்டுவிட்டோமே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மனசு ஒப்பவில்லை என்றால் டோகோஃபெரால், அதாவது வைட்டமின் ஈ சேர்த்ததை வாங்குங்கள், என் வீட்டிலும் அதுதான். அது கொஞ்சம் சீக்கிரம் கெடும், அதனால் பெரிய மூட்டை வேண்டாம், ஒரு மாதத்தில் தீருகிற பை போதும். அவ்வப்போது ஒரு கை அள்ளி மோந்து பாருங்கள். பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தால் வருமே ஒரு சிக்கு வாடை, அது வந்தால் விலையைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

எத்தாக்சிகுவின் என்ற பெயரே லேபிளில் இல்லை. அப்படியென்றால் தீவனத்திலும் இல்லைதானே? - கல்லூரி மாணவர், ஃபேர்லேண்ட்ஸ்

அப்படிச் சொல்லிவிட முடியாது தம்பி. கப்பலில் போகும் மீன் தூளில் இருக்கிற எண்ணெய் காற்று பட்டுச் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும், அதைத் தடுக்க எத்தாக்சிகுவின் போல ஏதாவது ஒரு பதப்படுத்தியைக் கலந்துதான் ஏற்றுவார்கள். தீவன ஆலை தன் கையால் சேர்க்கவில்லை என்பதால் லேபிளில் வராமலும் போகலாம். நாய்களின் கல்லீரலில் மாற்றம் தெரிந்ததால், 150 பிபிஎம், அதாவது ஒரு கிலோ தீவனத்துக்கு 150 மில்லிகிராம் வரை இருந்ததை 75க்குக் குறைக்கச் சொல்லி அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997இல் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தீவனத்தில் இதற்கிருந்த அனுமதியையே நிறுத்திவைத்தது. பதப்படுத்திகளில் எனக்கு உண்மையிலேயே பிடிக்காதது இதுதான். மீன் தூள் சேர்த்த தீவனம் என்றால் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள், பதில் சொல்லாத கம்பெனியின் பை நமக்கு வேண்டாம்.

ஏற்காட்டில், நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் இருக்கிறோம். டிரம்மில் கொட்டி வைத்த தீவனம் பனிக்கு நமுத்துப்போகிறது, நாயும் மோந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. வெயிலில் காயவைத்துப் போடலாமா?

போடவே போடாதீர்கள். பதப்படுத்தி கொழுப்பைத்தான் காப்பாற்றும், தீவனத்தில் ஈரம் ஏறிவிட்டால் அதை நம்ப முடியாது. தீவனத்தில் இருக்கிற மக்காச்சோளத்தில் பிடிக்கிற பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற விஷத்தை விடும், காயவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது, நேராகக் கல்லீரலில் போய் உட்காரும். 2020 கடைசியில் அமெரிக்காவில் இந்த விஷம் ஏறிய தீவனத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் செத்தன. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் மலையிலிருந்து ஒரு நாட்டு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறெல்லாம் மஞ்சள் பூசின மாதிரி இருந்தது. தீவனப் பையைக் கொண்டுவரச் சொன்னேன். அடியில் கட்டி கட்டியாக, சாம்பல் பச்சையில் பூத்துக் கிடந்தது. மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியும் காப்பாற்ற முடியவில்லை. அதனால்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: டிரம்மில் கொட்டாதீர்கள், பையோடு உள்ளே வைத்து வாயை இறுக்கிக் கட்டுங்கள், தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். பையை வைத்திருந்தால் பேட்ச் நம்பரும் கையில் இருக்கும். சாக்கைத் திறந்து வைத்து எடை போட்டு விற்கிற தீவனமும் இதே கதைதான், கிலோவுக்கு எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.

நாய்க்கு வாங்கும் மெத்தென்ற ட்ரீட்டை எங்கள் பூனையும் தின்கிறது, பரவாயில்லையா? - சூரமங்கலம்

பூனைக்குக் கொடுக்காதீர்கள். மெத்தென்று இருக்கச் சிலவற்றில் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பார்கள். நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவுகூடப் பூனையின் சிவப்பணுக்களைக் கெடுக்கும். அமெரிக்காவில் 1996இலேயே பூனைத் தீவனத்தில் தடை செய்துவிட்டார்கள்.

பாக்கெட்டே வேண்டாம் என்று ராஜபாளையம் குட்டிக்குச் சோறும் கோழியும்தான் போடுகிறோம், நாலு மாதம் ஆகிறது. போதும்தானே? - ஆத்தூர்

போதாது. பதப்படுத்திக்குப் பயந்து எடுக்கிற முடிவுகளில் எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். சோற்றிலும் கறியிலும் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். வளர்கிற குட்டி தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும், முன்னங்கால் வளையும், தத்தித் தத்தி நடக்கும். வீட்டுச் சாப்பாடு தாராளமாகப் போடலாம், ஆனால் கணக்குப் பார்த்துப் போட வேண்டும். கால்சியம் கூடினாலும் குட்டிக்குக் கெடுதல்தான், அதனால் டானிக்கை நீங்களாக ஊற்றாதீர்கள். குட்டியின் எடையையும் ஒரு நாளைக்கு என்னென்ன எவ்வளவு போடுகிறீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். சோற்றில் வெங்காயம் போட்ட குழம்பு ஊற்றுகிறீர்கள் என்றால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.