கேஸ் ஹீட்டரை மாற்றச் சொல்கிறார் கான்ட்ராக்டர்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. நாங்கள் நாலு பேர். சர்வீஸ் யார்டில் உள்ள கேஸ் வாட்டர் ஹீட்டருக்கு 14 வயதாகிறது. "புதுச் சட்டம் வந்துவிட்டது, கேஸை நிறுத்தப்போகிறார்கள். காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் போடுங்கள், 2,800 வெள்ளி. சிக்கனமான சாதனம் வாங்க அரசு தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டில் 400 கழியும். சலுகை ஞாயிறு வரைதான்" என்கிறார் கான்ட்ராக்டர். கனடாவில் இருக்கும் மைத்துனரும் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போட்டுவிட்டாராம். நாங்களும் மாற்றலாமா?

பதில்: வேண்டாம். மைத்துனர் பனிக்காலத்தில் வீட்டையே சூடாக்குகிறார். உங்களுக்கு வேண்டியது குளிக்கத் தண்ணீர். நம் குழாயில் வரும் தண்ணீரே 28 பாகை இருக்கும். இன்னும் பத்துப் பன்னிரண்டு பாகை ஏற்றினால் போதும்.

சட்டம் என்று அவர் சொல்வது, புதிதாக விற்கும் வாட்டர் ஹீட்டர்களுக்கு 2025 ஏப்ரலில் வந்த டிக் முத்திரையும் (எவ்வளவு சிக்கனம் என்று காட்டும் முத்திரை) குறைந்தபட்சச் செயல்திறன் விதியும்தான். அது விற்பவருக்கு. உங்கள் சுவரில் மாட்டியிருப்பதைக் கழற்றச் சொல்லி யாரும் வரப்போவதில்லை. இதை நாலு வரியில் மக்களுக்குப் புரியும்படி எழுதி மின்தூக்கி அருகே ஒட்டியிருந்தால் இப்படிப்பட்டவர்களுக்குப் பிழைப்பே இருந்திருக்காது. ஆனால் நமக்குக் கிடைப்பது, படித்தால் தலைசுற்றும் அட்டவணை.

கணக்குக்கு வருவோம். தொட்டி இல்லாமல் தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் மூன்று கிலோவாட் மின்சார இன்ஸ்டன்ட் ஹீட்டரில் பத்து நிமிடம் குளித்தால் அரை யூனிட், அதாவது அரை கிலோவாட்மணி, ஓடும். யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் ஒரு குளியலுக்கு 15 காசு, நாலு பேருக்கு மாதம் 18 வெள்ளி. கேஸிலும் ஏறத்தாழ இதே செலவுதான். பில்லில் இரண்டுமே கிலோவாட்மணியில்தான் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். ஹீட் பம்ப் காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் மூன்றில் ஒரு பங்கு கரண்ட் போதும். அதாவது மாதம் 12 வெள்ளி மிச்சம், வருடத்துக்கு 144. கையை விட்டுப் போகும் 2,400 வெள்ளி திரும்பிவர 16 வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை அந்தச் சாதனம் தாங்குமா என்று கான்ட்ராக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். ஹீட் பம்போடு வரும் வெந்நீர்த் தொட்டியை எங்கே வைப்பார் என்றும் கேளுங்கள். ஏர்கான் வைக்கும் மேடை அதற்காகக் கட்டியதல்ல.

ஹீட் பம்ப் மோசம் என்று நான் சொல்லவில்லை. செராங்கூன் கார்டன்ஸ் பக்கம் தரைவீடு, பின்னால் திறந்த முற்றம், ஏழு பேர், மூன்று குளியலறை, காலையில் ஒரே நேரத்தில் எல்லோரும் குளிப்பார்கள், தினமும் துணியும் வெந்நீரில்தான் துவைக்கிறார்கள் என்றால் கணக்கே வேறு. அங்கே மிச்சம் இரண்டு மூன்று மடங்காகும், தொட்டிக்கும் இடமிருக்கும். அந்த வீட்டுக்காரர் கேட்டால் தயங்காமல் போடுங்கள் என்பேன். அங்கேகூட கம்ப்ரஸரைப் படுக்கையறைச் சன்னலுக்கு அடியில் வைக்கக்கூடாது. உங்கள் வீடு அப்படியில்லை.

"கேஸ் சுற்றுப்புறத்துக்குக் கெடுதல்" என்றும் அவர் சொல்லியிருப்பார். சிங்கப்பூர் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில்தான் தயாராகிறது. கேஸ் ஹீட்டரை எடுத்துவிட்டு இன்ஸ்டன்ட் போட்டால் அடுப்பு உங்கள் யார்டிலிருந்து மின்நிலையத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

உண்மையில் நீங்கள் பார்க்கவேண்டியது யார்டைத்தான். போன வருடம் ஒரு வீட்டுக்குப் போனேன். மழைச்சாரல் அடிக்கிறது என்று யார்டுக்குக் கண்ணாடிச் சன்னல் போட்டு இறுக்க மூடியிருந்தார்கள். ஹீட்டரின் புகைவாய்க்கு நேர் எதிரே கண்ணாடியில் ஒரு சாண் அகலத்துக்குக் கரி. பக்கத்துக் கம்பியில் பிள்ளையின் பள்ளிச் சட்டை காய்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சன்னலைப் போட்டுக்கொடுத்த ஆளே ஹீட்டரையும் மாட்டினாராம். உரிமம்? "எல்லாம் இருக்கு அண்ணே" என்றாராம்.

கேஸுக்கு ஓர் உரிமம், மின்சாரத்துக்கு ஒன்று, தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று. ஒரு ஹீட்டருக்கு மூன்று பேரைத் தேடி அலையவேண்டிய அலுப்பில்தான் எல்லோரும் "எல்லாம் இருக்கு" ஆளிடம் போய் விழுகிறார்கள். கேஸ், மின்சார ஆட்களின் பெயரை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். தொட்டி ஹீட்டரை மூன்று முள் பிளக்கில் செருகித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதற்குத் தனி இணைப்பும் இருமுனை ஸ்விட்சும் வேண்டும்.

இப்போதைக்கு உரிமம் உள்ள கேஸ் ஆளைக் கூப்பிட்டு சர்வீஸ் செய்யுங்கள். அவர் தேறாது என்றால் புது கேஸ் ஹீட்டரோ இன்ஸ்டன்டோ போதும். பற்றுச்சீட்டு 2027 டிசம்பர் 31 வரை செல்லும். ஃபிரிட்ஜ் பழசென்றால் அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.