சிங்கம் கிடைக்கவில்லை, விறகு கிடைத்தது

அன்புள்ள அக்கா,
நீங்கள் எழுதியதை நம்பி ஜூலையில் குடும்பத்தோடு கலஹாரி பாலைவனத்துக்குப் போனோம். கலகாடி பூங்காவில் மூன்று நாள் சுற்றியும் ஒரு சிங்கம்கூடக் கண்ணில் படவில்லை. சிவப்பு மணல், ஜெம்ஸ்பொக் மான், காய்ந்த ஆறு, அவ்வளவுதான். குளிர் வேறு. ராத்திரி வெளியில் விறகு மூட்டி இறைச்சி சுடும் பிராய்தான் ஒரே ஆறுதல். வழியில் வாங்கிய கேமல்தோர்ன் முள்மர விறகு விடியும்வரை கனன்றது. அடுத்த வருஷம் குரூகர் பூங்காவுக்கே போய்விடலாமா?
(ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்)

தம்பி,

சிங்கம் வராததற்கு நான் என்ன செய்ய? ஜூலை ராத்திரி அங்கே உறைநிலைக்குக் கீழே போகும் என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்திருக்க வேண்டும். அதை விடு. கடை வாசலில் அடுக்கியிருக்கும் அந்த விறகுப் பைகளைப் பார்த்துக் கொஞ்ச நாளாகவே பொருமிக்கொண்டிருந்தேன், நீ வந்து மாட்டிக்கொண்டாய்.

நீ காய்ந்த ஆறு என்று ஒதுக்கிய ஆவோப், நொசொப் கரைகளில் நிற்பது அந்தக் கேமல்தோர்ன் மரம்தான். அதன் வேர் பல பத்து மீட்டர் இறங்கி நிலத்தடி நீரைத் தேடும். கிளையில் வைக்கோல் போர் மாதிரி ஒரு கூடு தொங்கியிருக்குமே, பார்த்தாயா? சோஷபிள் வீவர் குருவிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டுவது, ஒரே கூட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும். நீ குளிரில் நடுங்கிய அதே ராத்திரியில் அவை உள்ளறையில் கதகதப்பாகத் தூங்கின. சின்னஞ்சிறு பிக்மி ஃபால்கன் ஒன்றும் வாடகை இல்லாமல் அங்கேயே குடியிருக்கும். உச்சியில் பிணந்தின்னிக் கழுகு, கீழே விழும் காய்க்கு உன் ஜெம்ஸ்பொக். பட்ட மரம்தானே என்பாய். பட்ட மரத்துப் பொந்திலும் ஆந்தை இருக்கிறது, அப்பா! கிம்பர்லி வைரச் சுரங்கங்களுக்கு எரித்தே அந்தப் பக்கத்து மரங்களை ஒழித்தார்கள். இன்று அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மரம், பட்டதை விற்கவும் லைசென்ஸ் வேண்டும். கடைக்காரரிடம் அதைக் கேட்டாயா?

கிம்பர்லியில் எங்கள் சொந்தக்காரர் வீடு இருந்தது. அப்பா காரில் கூட்டிப்போவார், நடுவில் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணம். இந்தியர் அங்கே குடியேறக் கூடாது என்று 1891-இல் போட்ட சட்டம் 1980-கள் வரை இருந்தது. ராத்தங்க இடம் கிடையாது, அம்மா கட்டித் தந்த ரொட்டியையும் உருளைக்கிழங்குக் கறியையும் ஓடுகிற காரிலேயே தின்போம். அந்த மரத்தடியில் கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டால் அப்பா பதிலே சொல்லமாட்டார், வண்டி இன்னும் வேகமாகப் போகும். நீ இன்றைக்கு எந்த ஊர் மரத்தடியிலும் இறங்கி உட்காரலாம் (பூங்காவுக்குள் வேண்டாம், நீ பார்க்காத சிங்கம் உன்னைப் பார்த்திருக்கும்). அப்படிப் போனவன் அந்த மரத்தையே பையில் வாங்கி எரித்துவிட்டு வந்தால் எனக்குக் கோபம் வராதா?

சரி, குரூகர் போ, பிள்ளைகள் யானை பார்க்கட்டும். விறகுக்கு நம் நேட்டால் மாகாணத்திலேயே பிளாக் வாட்டில் மரம் இருக்கிறது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஓடைக்கரைகளை அடைத்துக்கொண்டு நிற்கிறது, எவ்வளவு எரித்தாலும் யாரும் அழமாட்டார்கள். மட்டன் சாப் அதிலும் நன்றாகத்தான் வேகும்.