மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் மச்சான் தப்புவாரா?

கேள்வி: மூன்று கிரெடிட் கார்டு, ஒரு தனிநபர் கடன், ஒரு கார் கடன். சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடுகிறது. ஒரு கார்டில் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டுகிறேன். தனிநபர் கடனுக்கு என் மச்சான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டுப் பேசாமல் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடு" என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வீட்டை மாற்றும் வேலையை முதலில் நிறுத்துங்கள். திவால் மனு கொடுத்ததும், சொத்துக்குப் பொறுப்பேற்பவர் உங்கள் பழைய கணக்கைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பார். இங்கிலாந்தில், விலை வாங்காமல் கைமாற்றிய சொத்தை ஐந்து ஆண்டு வரை பின்னோக்கித் தோண்டிக் கேள்வி கேட்க முடியும். உறவினருக்கு மட்டும் ரகசியமாகக் கடனைத் தீர்ப்பதும் இதே வம்பில்தான் முடியும். மனுவுக்கு முந்தைய ஓராண்டில் நெருங்கிய உறவினருக்குத் திருப்பிக் கொடுத்த பணத்தை அமெரிக்க நீதிமன்றம் அவரிடமிருந்தே மீட்டெடுக்கலாம். வீடும் போய், மோசடிக்காரர் என்ற பெயரும் வந்து, கடன் மட்டும் அப்படியே நிற்கும். நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். இருந்தாலும் இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். எங்கும் மாறாத ஒன்று, திவால் என்பது எல்லாக் கடனையும் ஒரே துடைப்பத்தால் பெருக்கித் தள்ளும் வேலை அல்ல என்பது. உங்கள் ஐந்து கடன்களின் காகிதங்களையும் மேசையில் பரப்பி, தனித்தனியாகப் பாருங்கள்.

கார்டு பாக்கிக்கு ஈடு எதுவும் இல்லை. திவாலில் பெரும்பாலும் கரைவது இந்த வகைக் கடன்தான். ஆனால் மனு கொடுக்க முடிவு செய்தபின், போகிற போக்கில் கார்டைத் தேய்த்துப் பொருள் வாங்கினால் அந்தப் பாக்கி கரையாமல் உங்கள் தலையிலேயே நிற்கக்கூடும். கார் கடனுக்குக் காரே ஈடு. தவணை நின்றால் வண்டியை எடுத்துப்போய் விற்பார்கள். விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால், அந்தக் குறை ஈடில்லாத கடனாக மாறும். பிள்ளைகளுக்கான ஜீவனாம்சமும் நீதிமன்ற அபராதமும் பொதுவாகத் திவாலில் கரைவதில்லை.

அடுத்தது மச்சான் கையெழுத்திட்ட காகிதம். திவால் உத்தரவு உங்களைத்தான் விடுவிக்கும், ஜாமீன்தாரரை அல்ல. நீங்கள் விலகியதும் வங்கி நேரே அவர் வீட்டுக் கதவைத் தட்டும். நான் பார்த்த வரையில், திவாலில் பணத்தைவிட அதிகம் நாசமாவது இந்த உறவுதான்.

ஆகவே திவாலுக்கு முந்தைய படிகளை முதலில் பாருங்கள். வங்கியிடம் எழுத்து மூலம் வட்டிக் குறைப்பும் தவணை நீட்டிப்பும் கேளுங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. ஒரே தொகையில் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னால், பாக்கி இல்லை என்ற கடிதம் தரப்படும் என்பதை எழுத்தில் பெறாமல் ஒரு காசும் கட்டாதீர்கள். அதற்கு அடுத்த படி, சட்டப்படியான திருப்பிச் செலுத்தும் திட்டம். வருமானம் உள்ளவர்களுக்கு ஏற்றது இதுதான். அமெரிக்காவில் திவால் சட்டத்தின் 13-ஆம் அத்தியாயத்தின் கீழ் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் கட்ட வேண்டும். இங்கிலாந்தில், கடன் கொடுத்து வாக்களிப்பவர்களில் தொகை மதிப்பில் 75 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டால், ஈடில்லாத கடன் கொடுத்த மற்றவர்களையும் அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். சொத்தை ஒப்படைத்துவிட்டு விடுபடுவது கடைசி வழி. அப்படி விடுபட இங்கிலாந்தில் வழக்கமாக 12 மாதமும், ஆஸ்திரேலியாவில் மூன்று ஆண்டும் ஒரு நாளும் ஆகும். விடுபட்ட பிறகும் தடம் உடனே மறையாது. அமெரிக்காவில் கடன் அறிக்கையில் அது பத்தாண்டு வரை தெரியலாம்.

இதைப் படித்து மனம் சோர வேண்டாம். தவணையைக் கட்டினால் வீட்டுச் செலவுக்கு மிஞ்சாது, ஐந்து ஆண்டு கட்டினாலும் அசல் குறையாது என்ற நிலைக்கு வந்தவருக்குத் திவால் வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. சட்டம் அவருக்காகவே அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பல நாடுகளில் மனு ஏற்கப்பட்டதுமே வசூல் முகவர்களின் போன் அழைப்புகள் சட்டப்படி நின்றாக வேண்டும். இரவில் தூங்க முடிவதே அப்போது பெரிய லாபம். நீங்கள் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். சம்பளம் வருகிறது, வீடு இருக்கிறது. சட்டப்படியான திருப்பிச் செலுத்தும் திட்டத்துக்குத்தான் உங்கள் கணக்கு பொருந்துகிறது.

கார்டுகளை இன்றே மேசை டிராயரில் வைத்துப் பூட்டுங்கள். கார்டுக்குக் கார்டு மாற்றிக் கட்டுவது உங்கள் கடனைக் குறைக்கவில்லை, வட்டியைத்தான் வளர்க்கிறது. இந்த வாரத்துக்குள் திவால் வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். ஐந்து கடன்களின் பாக்கி, வட்டி விகிதம், ஜாமீன் விவரம் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வக்கீலைப் பார்க்கும் முன் மச்சானைப் பாருங்கள். வங்கியின் நோட்டீஸைப் பிரித்துப் பார்த்து அவர் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.