பழைய காருக்கு நியாயமாக என்ன விலை சொல்வது?

தேவகோட்டை வீட்டில் நிற்கும் 2010 மாடல் வேகன்ஆர், ஓட்டம் 41,000 கிலோமீட்டர்தான், என்ன விலை சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓட்டம் குறைவு என்பதற்காக விலையை ஏற்றிவிடாதீர்கள். நம் பக்கம் பல கார்கள் இப்படித்தான். ஆட்கள் சென்னையில், வண்டி உறைக்குள். கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்று ஊருக்கு வந்தால்தான் எடுப்பார்கள். நின்ற வண்டிக்கென்று தனிச் செலவு உண்டு. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 1416 என்றால் 2016-ம் ஆண்டின் 14-வது வாரம் செய்தது. பட்டன் (தரையில் பதியும் மேடு) தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகி, மெல்லிய வெடிப்பு விட்டிருக்கும். நான்கையும் மாற்ற வேண்டும். பேட்டரியையும், எலி கடித்த வயர் ஏதும் இருக்கிறதா என்பதையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

15 வருடத்தில் ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) முடிந்திருக்கும். புதுப்பித்தால் 5 வருடம் கிடைக்கும். கட்டணம், பசுமை வரி, தாமத அபராதம் எல்லாம் சேரும். ஆனாலும் முடித்துவிட்டே விற்பனைக்கு விடுங்கள். வாங்குபவர் அதிகம் பயப்படுவது இந்த அலைச்சலுக்குத்தான்.

பிறகு காரைக்குடி, புதுக்கோட்டை, மதுரையில் இதே மாடல், இதே வருட வண்டி பத்துக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். அது கேட்கிற விலை, விற்ற விலை அல்ல. உச்சத்தையும் அடியையும் தள்ளி, நடு விலையில் டயர், பேட்டரி செலவைக் கழியுங்கள். வருகிற தொகையோடு பேரத்துக்காகப் பத்து சதவீதம் கூட்டிச் சொன்னால் போதும். எப்படியும் வருகிறவர் "கடைசி விலை என்னண்ணே?" என்றுதான் ஆரம்பிப்பார்.