அந்தக் கொப்பியை எறிந்துவிடாதீர்கள், அக்கா

போன மாதம் ஜேர்மனியின் டோட்முண்டுக்குப் பக்கத்து ஊரொன்றிலிருந்து ஒரு குடும்பம் மகனின் படிப்பு பற்றிக் கேட்க என்னிடம் வந்தது. அப்பா இரவு வேலை முடித்து, நித்திரை கொள்ளாமல் நேரே வந்திருந்தார். அம்மா கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து, களவுக்குச் சாட்சி காட்டுவதுபோல மேசையில் வைத்தார். "அபிட்டூர், பள்ளிக்கூடக் கடைசிச் சோதனை, அதுக்கு எட்டு மாதம்தான் கிடக்கு. இவன் இரவிரவாக இருந்து இதைத்தான் எழுதுறான்." பதினேழு வயது மகன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சதுரக்கோடு போட்ட கணக்குக் கொப்பி. ஒவ்வொரு பக்கத்திலும் அரை மைதானம், சின்ன வட்டங்கள், அம்புக்குறிகள். ஓரத்தில் பெயர்கள். ஒரு பெயருக்கு எதிரே, "இடது காலால் அடிக்கப் பயம். பந்தை மெதுவாக உருட்டிக் கொடு." இன்னொன்றுக்கு எதிரே, "அப்பா பார்க்க வந்தால் பந்தையே தொடமாட்டான். அவரை மற்றப் பக்கம் நிற்கச் சொல்ல வேண்டும்." தம்பி உள்ளூர் உதைபந்தாட்டக் கழகத்தில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுக்கிறான். அவனும் அதே கழகத்தின் இளையோர் அணியில்தான் ஆடுகிறான், அனேகமாக வாங்கில்தான் இருக்கிறான். அதை அவனே சொன்னான்.

வீட்டின் திட்டம் வேறு. பெறுபேறு 2.4 அளவில் வரும் (இங்கே 1.0தான் உச்சம், எண் கூடக்கூடப் பெறுபேறு குறைவு), அதற்கு ஜேர்மனியில் மருத்துவ இடம் கிடைக்காது. ஆகவே ஹங்கேரிக்கு அனுப்பலாம் என்று லண்டன் மாமா சொல்லியிருக்கிறார். அவருடைய மகன் ஏற்கெனவே வெளிநாட்டில் மருத்துவம் படிக்கிறானாம். "எங்கட பிள்ளை மட்டும் பந்துக்குப் பின்னால ஓடினால் சனம் என்ன சொல்லும்?"

முதலில் நானும் ஆறுதல்தான் சொன்னேன். பதற வேண்டாம், காலம் இருக்கிறது என்றேன். காசுக் கணக்கைக் கேட்ட பிறகு அப்படிப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஹங்கேரியில் டொச் (ஜேர்மன்) மொழியில் மருத்துவம் படிக்கக் கட்டணம் மட்டும் ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல். ஆறு வருடம். அறை வாடகையும் சாப்பாடும் அதற்கு வெளியே. தகப்பனான அண்ணாவுக்கு வயது ஐம்பத்துமூன்று. வீட்டுக்கடன் இன்னும் முடியவில்லை, அதற்கு மேல் இன்னொரு கடன் எடுக்கப் போகிறார். தம்பியிடம் தனியாகக் கேட்டேன், டொக்டராக விருப்பமா என்று. "அம்மாவுக்கு விருப்பம்," என்றான்.

அண்ணா, அக்கா, அன்று சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். இந்தக் கடனை எடுக்காதீர்கள். மருத்துவம் நல்ல படிப்பு. அதை ஆசைப்பட்டுப் படிக்கிற பிள்ளைக்காக நானே உங்களோடு வங்கிக்கு வந்து நிற்பேன். ஆசையில்லாத பிள்ளையை ஆறு வருடம் கடனில் படிக்கவைத்து, மூன்றாம் வருடத்தில் அவன் திரும்பி வந்தால் அந்தத் தவணையை லண்டன் மாமா கட்டமாட்டார். இன்போர்மாட்டிக் என்ற கணினிப் படிப்பு, வங்கி வேலை, அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி பற்றியெல்லாம் நமது ஒன்றுகூடல்களில் எல்லாரும் கதைக்கிறார்கள். நான் கதைக்க வந்தது ஒருவரும் கதைக்காத ஒன்று. அதற்கு உங்கள் ஊர்க்காரர் எல்லாருக்கும் தெரிந்த ஒரு மனிதரைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

யூர்கன் குளோப். உதைபந்தாட்டப் பயிற்சியாளராக டோட்முண்டுக்கு 2011இலும் 2012இலும் ஜேர்மனியின் முதற்பிரிவான புண்டஸ்லீகாவை வென்று கொடுத்தவர். லிவர்பூலுக்கு 2019இல் ஐரோப்பியக் கிண்ணம், அடுத்த ஆண்டு இங்கிலாந்து லீக். இதெல்லாம் தம்பிக்கு மனப்பாடம். நீங்கள் பார்க்க வேண்டியது 1995ஆம் ஆண்டுக் குளோப்பை.

பிறந்தது ஸ்டுட்கார்ட்டில், 1967இல். வளர்ந்தது கருங்காட்டில் கிளாட்டன் என்ற சிற்றூரில். சின்னக் கழகங்கள் பலவற்றில் ஆடிவிட்டு 1990இல் மைன்ஸ் அணிக்கு வந்தார். அன்று அது இரண்டாம் பிரிவில் கிடந்த அணி. அவரும் பெரிய ஆட்டக்காரர் அல்ல, அதை அவரே மறைக்காமல் சொல்லுகிறவர். 2001 வரை அங்கேயே 325 லீக் ஆட்டங்கள், 52 கோல்கள். முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசைக்குப் போனார். முதற்பிரிவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இருபது தாண்டியதுமே தகப்பனும் ஆகிவிட்டார். வீட்டில் குழந்தை, கையில் சின்னச் சம்பளம்.

அந்த நிலையில்தான் அவர் பிராங்பேர்ட் கோதே பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் படித்தார். ஆடிக்கொண்டே படித்து 1995இல் டிப்ளோம் பட்டம் எடுத்தார். ஆய்வுக்கட்டுரை வேக நடைப்பயிற்சி பற்றியது. உடம்பு எப்படி வேலை செய்கிறது, களைப்பு எங்கே தொடங்குகிறது என்பதை ஒழுங்காகப் படித்த ஒருவர், அணிக்கு வொல்ஃப்காங் பிராங்க் பயிற்சியாளராக வந்தபோது அவருடைய புதிய ஆட்டமுறையைக் கூர்ந்து கற்றார்.

2001 பெப்ரவரி கடைசியில் மைன்ஸ் மூன்றாம் பிரிவுக்கு இறங்கும் நிலைக்கு வந்து, பயிற்சியாளரை விலக்கியது. கழகத்தின் முகாமையாளர் கிறிஸ்டியன் ஹைடெல் அணிக்குள் இருந்த குளோப்பிடமே பொறுப்பைக் கொடுத்தார். அந்த ஆண்டு அணி தப்பியது. 2002இல் ஒரு புள்ளியாலும் 2003இல் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தாலும் முதற்பிரிவு கைநழுவிப் போனது. 2004இல்தான் ஏறியது. 2007இல் மீண்டும் இறங்கியது. இத்தனைக்குப் பிறகும் கழகம் அவரை அனுப்பவில்லை. 2008இல் அவராகத்தான் டோட்முண்டுக்குப் போனார். இப்போது, 2025இலிருந்து, மைதான ஓரத்தில் அவர் நிற்பதில்லை. ரெட் புல் நிறுவனத்தின் கழகங்கள் எல்லாவற்றின் உதைபந்தாட்டத்துக்கும் மேலே இருந்து பார்க்கிறார்.

"அப்ப இவனும் குளோப் ஆவானோ?" என்று அண்ணா கேட்டார். மாட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அந்த அழைப்பு வராமலே போயிருந்தாலும் கையில் பட்டம் இருந்தது, அதை வைத்து அவர் வாழ்ந்திருப்பார். நான் உங்களுக்குக் காட்டுவது அந்தப் பட்டத்தைத்தான், கிண்ணத்தை அல்ல.

சரி, எங்கே படிப்பது? அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விளையாட்டு அறிவியல் இருக்கிறது. உங்களுக்கு அருகில், கொலோனில், 1947இலிருந்து இதற்கென்றே ஒரு முழு உயர்கல்வி நிறுவனம் இயங்குகிறது: டொய்ச்சே ஸ்போர்ட்ஹோக்சூலே. படிப்புக் கட்டணம் கிடையாது. அரையாண்டுக்கு ஒருமுறை சில நூறு யூரோ செலுத்தினால் போதும், ரயில் சீட்டும் அதற்குள் வந்துவிடும். வீட்டிலிருந்தே போய்வரலாம். இதே பாடத்தைக் கணிதத்தோடோ ஆங்கிலத்தோடோ சேர்த்து எடுத்தால் பாடசாலை ஆசிரியர் ஆகலாம். லைப்சிக் கழகத்தைக் கட்டியெழுப்பிய ரால்ஃப் ராங்னிக்கும் ஆங்கிலமும் விளையாட்டும் படித்தவர்தான். அக்கா, "அரச உத்தியோகம்" என்று நீங்கள் கேட்டது இதுதான்.

படிக்கும்போதே பயிற்சியாளர் உரிமங்களைப் படிப்படியாக எடுக்க வேண்டும். முதலில் சி. அதற்கு 120 பாடநேரம், ஒவ்வொன்றும் 45 நிமிடம். வார இறுதிகளில் முடிக்கலாம். செலவு சில நூறு யூரோ, பல கழகங்கள் தாமே கொடுத்துவிடும். கேட்டுப் பாருங்கள். பிறகு பி, அதன்பின் ஏ. உச்சியில் இருக்கும் புரோ உரிமத்துக்கு ஒரு வகுப்பில் சுமார் 16 பேரைத்தான் எடுக்கிறார்கள், அதை இப்போது நினைக்கவே வேண்டாம். கழகத்தில் பயிற்சி கொடுத்துக் கிடைக்கும் பணத்தில் ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு வரை வரியும் இல்லை. பெரிய கழகங்கள் இளையோர் பயிற்சி நிலையம் நடத்தியே ஆக வேண்டும். அங்கே வீடியோ பார்த்து ஆட்டத்தைப் பிரித்து எழுதுகிறவர், உடற்பயிற்சிப் பொறுப்பாளர், காயத்திலிருந்து மீட்கிறவர், திறமை தேடிப் போகிறவர் என்று பல கதிரைகள் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் பலர் தொழில்முறையாகப் பந்து அடித்தவர்களே அல்ல. ஹைடெல்கூட முதலில் கார் விற்றவர்தான்.

தொடக்கச் சம்பளம் டொக்டர் சம்பளம் ஆகாது. அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் கடனில்லாமல் தொடங்குவான்.

தம்பி, உனக்கும் ஒன்று இருக்கிறது. கொப்பி அருமை, அதற்காகக் கணித வகுப்பை விட்டால் நான் உன் அம்மாவின் பக்கம்தான் நிற்பேன். குளோப் ஆட்டத்தைக் காட்டிப் படிப்பைத் தள்ளிப்போடவில்லை. அப்புறம், கொலோனில் நுழைவதற்கு உடற்தகுதிச் சோதனை உண்டு. ஒரே நாளில் நீச்சல், உயரம் பாய்தல், குண்டெறிதல், ஜிம்னாஸ்டிக், எல்லாம் முடிந்து களைத்த காலோடு கடைசியில் நெடுந்தூர ஓட்டம். பந்து நன்றாக ஆடுகிற பிள்ளைகள் பலர் அங்கே தவறுகிறார்கள்.

நீந்துவாயா என்று அன்று கேட்டேன். தலையைக் குனிந்தான். அம்மாதான் சொன்னார், ஆறு வயதில் தடாகத்தில் ஒருமுறை தண்ணீர் குடித்த பிறகு தான்தான் அவனைப் போக விடவில்லை என்று. அக்கா, இந்தக் கிழமையே நகர நீச்சல் தடாகத்தில் வளர்ந்தோர் வகுப்புக்கு அவன் பெயரைப் பதியுங்கள். முதல் நாள் நீங்களும் கூடப் போய் வாங்கில் இருங்கள்.