பூ எண்ணெய்: கேட்டவையும் சொன்னவையும்

பாளையங்கோட்டையில் என் வீட்டுப் பின்கட்டில்தான் பல வருடமாகப் பூவை எண்ணெயில் ஊறவைத்துப் பூ எண்ணெய் போடுகிறேன். முகத்துக்கும் உடம்புக்கும் பூ எண்ணெய் தேய்ப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

சங்கரன்கோவில் வாசகி: அக்கா, மீந்த பிச்சிப்பூவைத் தேங்காய் எண்ணெயில் போட்டு நன்றாகக் காய்ச்சினேன். மணமே வரவில்லையே?

காய்ச்சியதுதான் காரணம், தாயி. பிச்சியும் மல்லியும் சூடு தாங்காது. ஆனால் பறித்த பிறகும் பல மணி நேரம் மணம் விடும். அதனால் அந்தக் காலத்தில் எள்ளையும் மல்லிகையையும் மாற்றி மாற்றி அடுக்கி, வாடின பூவை எடுத்துப் புதுப் பூ வைத்து, மணம் ஏறிய எள்ளைச் செக்கில் ஆட்டினார்கள். வீட்டில் செய்ய எளிய வழி உண்டு. சாயங்காலம் விரியப் போகும் மொட்டை ஈரமில்லாமல் துடைத்து, செக்கு நல்லெண்ணெயில் முங்கப் போடுங்கள். மறுநாள் வடிகட்டிவிட்டு, அதே எண்ணெயில் புது மொட்டு. நாலைந்து முறை செய்தால் மணம் நிற்கும். பூ விலை குறைந்த நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். முகூர்த்த நாளில் கட்டுப்படியாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோலை மிருதுவாக்குவது பெரும்பாலும் அந்த எண்ணெய்தான். பூ தருவது மணமும் கொஞ்சம் சத்தும். ஆகவே எண்ணெயை நல்லதாக வாங்குங்கள், பூவை அப்புறம் பார்க்கலாம்.

தென்காசி வாசகர்: நான் போட்ட செம்பருத்தி எண்ணெய் சிவக்கவில்லை. கடையில் வாங்கியது ரத்தச் சிவப்பு.

செம்பருத்தியின் சிவப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் இறங்காது. உங்கள் எண்ணெயில் குறை இல்லை, தம்பி. கடை எண்ணெய்க்குச் சிவப்பு பெரும்பாலும் வேம்பாளம்பட்டையாலோ சாயத்தாலோ வருகிறது. பட்டை என்றால் பயமில்லை. எதனால் வந்த நிறம் என்று கேட்டு வாங்குங்கள்.

வண்ணாரப்பேட்டை வாசகி: ரோஜா எசன்ஷியல் ஆயிலை அப்படியே முகத்தில் தேய்த்தேன். எரிந்து சிவந்துவிட்டது.

உடனே நிறுத்துங்கள். சிவப்பு தணியாவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள். பூவை ஊறவைத்த எண்ணெய் வேறு, ஆவியில் வடித்த எசன்ஷியல் ஆயில் வேறு. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் இதழ் வேண்டும். அவ்வளவு செறிவானதை நேரே தோலில் வைக்கவே கூடாது. முகத்துக்கு 30 மில்லி எண்ணெயில் ஆறு சொட்டு போதும். அதையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பாருங்கள். இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு: இவ்வளவு பூ பிடிக்கிற சரக்கு 150 ரூபாய்க்குக் கிடைத்தால் அது செயற்கை வாசனையாகத்தான் இருக்கும்.

அம்பாசமுத்திரம் வாசகி: காலெண்டுலா எண்ணெய்க்கு நம்ம ஊர் கேந்திப்பூ போடலாமா?

வேண்டாம். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் செடி வேறு. வறண்ட தோலுக்குச் சொல்லப்படுவது காலெண்டுலா. அதன் மஞ்சள் எண்ணெயில் இறங்கிப் பொன்னிறமாகும். கேந்தியிலிருந்து வடிக்கும் வாசனை எண்ணெய் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் புண்ணாகலாம். நம்ம ஊர் வெயிலுக்கு அது ஆகாது.

சுரண்டை வாசகர்: முகத்தில் பரு. எந்த எண்ணெய் தேய்க்கலாம்?

தேங்காய் எண்ணெய் வேண்டாம், பலருக்கு அது துளைகளை அடைத்துவிடும். உங்கள் பக்கத்திலேயே சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தச் சூரியகாந்தி எண்ணெயைத் தேய்க்கலாம். அது பூவிலிருந்து அல்ல, விதையிலிருந்து வருவது. லேசானது. இரண்டு சொட்டு, இரவில் மட்டும். பரு பழுத்திருந்தால் எந்த எண்ணெயும் வேண்டாம்.

மானூர் வாசகி: மூன்று மாதப் பிள்ளைக்கு மல்லிகை எண்ணெய் தேய்க்கலாமா?

மணமே வேண்டாம். பிஞ்சுத் தோல்.

மேலப்பாளையம் வாசகி: முகத்தில் கருந்திட்டாக விழுந்த மங்கு போகுமா?

பூ எண்ணெயால் போகாது. வெயிலில் முகத்தை மூடிக்கொள்ளுங்கள், சன்ஸ்கிரீன் போடுங்கள், மருத்துவரைப் பாருங்கள். இதை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

வள்ளியூர் வாசகி: ஒரு மாதத்தில் எண்ணெய் பூசணம் பிடித்துவிடுகிறது.

ஈரம்தான். ஆவாரம்பூவோ ரோஜாவோ, நிழலில் சருகாக உலர்த்திய பிறகே போடுங்கள். மொட்டு ஊறவைத்தால் வடிகட்டிய எண்ணெயை ஒரு நாள் தெளியவிட்டு, அடியில் தங்கும் நீரை விட்டுவிட்டு மேலெண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். பாட்டிலும் காய்ந்திருக்க வேண்டும். சிக்கு வாடை வந்ததை முகத்துக்கு எடுக்காதீர்கள், விளக்குக்கு ஊற்றுங்கள்.